பளபளப்பு இல்லாத சமையல் மேடை: மேட் ஃபினிஷ் கல்லைத் தேர்ந்தெடுப்பதும் பராமரிப்பதும்

கல் யார்டுக்குள் நுழைந்ததும் "மேட் ஃபினிஷ் காட்டுங்க" என்று ஆரம்பிக்க வேண்டாம். எந்தக் கல் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மேட் என்பது கல்லின் முகத்தை எதுவரை தேய்த்து நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. எந்தக் கல்லையும் அப்படித் தேய்க்கலாம். ஒரே மாதிரி மங்கிய முகத்தோடு அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கருப்புக் கற்களில் ஒன்று எலுமிச்சைச் சாற்றைக் கண்டுகொள்ளாது. மற்றதில் அதே சாறு சில நிமிடங்களில் வெளுத்த தழும்பை விட்டுவிடும்.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் மேடை கட்டுகிறவர்கள் தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். மஞ்சளும் எண்ணெயும் மேட் கல்லைக் கெடுத்துவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். நம் பக்கத்தில் மேட் கல்லை அதிகம் கெடுப்பது போர்வெல் உப்புத் தண்ணீர்தான் என்பது என் முடிவு. கல்லின் நிறம், சிங்க் இருக்கும் இடம், தினமும் துடைக்கும் விதம் ஆகிய மூன்றையும் இதை மனதில் வைத்தே தீர்மானிக்கலாம்.

முதல் வேலை: உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

சிறுவாணித் தண்ணீரோ பில்லூர்த் தண்ணீரோ சமையலறைக் குழாய் வரை வருகிற வீடுகளுக்குக் கவலை குறைவு. பல வீடுகளில் நல்ல தண்ணீர் குடிக்க மட்டும். பாத்திரம் கழுவுவதும் மேடை துடைப்பதும் போர்வெல் தண்ணீரில்தான். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும், ஈரம் காய்ந்ததும் கல்லின் மேல் வெள்ளைப் படலமாகத் தங்கிவிடும். பாலிஷ் கல்லில் இந்தப் படலத்தைச் சுரண்டி எடுப்பது எளிது. மேட் கல்லில், அதிலும் லெதர் ஃபினிஷில், நுண்ணிய பள்ளங்களுக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

கல் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்:

1. சமையலறைக் குழாய்த் தண்ணீரை ஒரு கருப்புத் தட்டிலோ பழைய டைல்ஸ் துண்டிலோ ஒரு கரண்டி ஊற்றி, துடைக்காமல் காயவிடுங்கள்.
2. மறுநாள் பாருங்கள். லேசான வட்டம் மட்டும் தெரிந்தால் எந்த நிறக் கல்லும் எடுக்கலாம்.
3. கை வைத்தால் ஒட்டும் அளவுக்கு வெள்ளைத் தூள் இருந்தால், அடர் கருப்பு மேட் கல்லைச் சிங்க் பக்கம் போடாதீர்கள். சாம்பல் நிறமோ புள்ளி கலந்த நிறமோ எடுங்கள்.
4. முடிந்தால் தண்ணீரின் கடினத்தன்மையைப் பரிசோதனைக் கூடத்தில் அளந்துகொள்ளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. உங்கள் போர்வெல் 600-ஐத் தாண்டினால் மேடையைத் துடைக்கவாவது நல்ல தண்ணீரை ஒதுக்குங்கள்.

குறிப்பு: ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் கழிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பாத்திரம் கழுவுவது நல்ல பழக்கம். ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பு இன்னும் அடர்த்தியாக இருக்கும். அதைக் கொண்டு மேடையைத் துடைக்க வேண்டாம்.

எந்த மேட்?

யார்டுகளில் நான்கு பெயர்கள் காதில் விழும்.

ஹோன்டு: பாலிஷ் வேலையைப் பளபளப்பு வருமுன்பே நிறுத்தியது. தடவினால் வழவழப்பாக இருக்கும், விளக்கு வெளிச்சம் அதில் முகம் பார்க்காது. சப்பாத்தி தேய்க்க, மாவு பிசைய இதுவே நல்லது.

லெதர்: வைரத்துகள் பதித்த பிரஷ்களால் தேய்ப்பது. மென்மையான தாதுக்கள் சற்றே குழிந்து, கடினமானவை எழும்பி நிற்கும். விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஹோன்டில் தெரிவதை விட இதில் குறைவாகத் தெரியும்.

லெப்போத்ரா: பட்டறைக்குப் பட்டறை வேறுபடும். பெயரை நம்பாமல் கையால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

ஃபிளேம்டு: தீயால் பொரிய வைத்த சொரசொரப்பு. வாசற்படிக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் சரி. சமையல் மேடைக்கு வேண்டாம். அரிசி மாவும் பருப்புத் தூளும் அதில் புகுந்தால் வெளியே வராது.

ஒரு ஈரத்துணியை லெதர் ஃபினிஷ் கல்லின் மேல் இழுத்துப் பாருங்கள். துணி நூல் மாட்டினால் அது சமையலறைக்கு ஆகாத சொரசொரப்பு.

எந்தக் கல்?

கருப்புக் கிரானைட்: சத்தியமங்கலம் மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் வரும் சாம்ராஜ்நகர்க் கருப்பும், விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கருப்பும் நம் பக்கம் பெயர் பெற்றவை. வியாபாரத்தில் கிரானைட் என்றாலும் புவியியல்படி இவை டோலரைட் வகை. நெருக்கமான கல் என்பதால் தண்ணீரும் எண்ணெயும் உள்ளே இறங்குவது மிகக் குறைவு. ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள்: பாலிஷில் கரிய நிறமாக இருக்கும் கல் மேட் செய்ததும் சாம்பல் கலந்து தெரியும். கைபட்ட இடம் கருத்து நிற்கும். கறை என்று பலர் பதறுவது இதைத்தான். சோப்புத் தண்ணீரில் போய்விடும்.

ஸ்டீல் கிரே: ஆந்திராவின் ஓங்கோல் பக்கமிருந்து வருவது. லெதர் ஃபினிஷுக்கு நன்றாக ஒத்துழைக்கும் கல். உப்புத் தண்ணீர் வீடுகளுக்கு என் முதல் பரிந்துரை இது. வெள்ளைப் படலம் இதன் நிறத்தோடு கலந்து அவ்வளவாகக் கண்ணில் படாது.

வெளிர் நிறக் கிரானைட்: காஷ்மீர் ஒயிட் என்று விற்பது மதுரைப் பக்கத்துக் கல். அழகானது, ஆனால் உறிஞ்சும் தன்மை கூடுதல். மேட் செய்தால் சீலர் (உறிஞ்சுவதைத் தடுக்கும் பூச்சு) கட்டாயம். கடலெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தாராளமாகப் புழங்கும் சமையலறைக்கு, பராமரிக்க ஆள் இருந்தால் மட்டும் எடுங்கள்.

கடப்பா கல்: அலமாரித் தட்டு முதல் அடுப்பு மேடை வரை நம் வீடுகளில் பழகிய கல். இது சுண்ணாம்புக் கல். புளிக்கரைசல், எலுமிச்சை, தயிர், தக்காளி எது பட்டாலும் அரித்துத் தழும்பாகும். ஆனாலும் இதை நான் ஒதுக்கமாட்டேன். விலை குறைவு, தழும்பை வீட்டிலேயே தேய்த்துச் சரிசெய்யலாம். அந்த முறை பின்னால் வருகிறது.

செயற்கைக் குவார்ட்ஸ் பலகை: கல் தூளைப் பிசினில் பிணைத்துச் செய்வது. பிசின் சூடு தாங்காது. 150 டிகிரி செல்சியஸைத் தாண்டிய கடாயை இறக்கி வைத்தால் நிறம் மாறும், சில சமயம் வெடிக்கும். தாளிக்கும் எண்ணெய் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டிவிடும். இதை அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசு தொழிலாளர்களின் நுரையீரலைப் பாழாக்கியதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இத்தகைய பலகைகளைத் தடை செய்தது. நம் ஊரில் மலிவாகவும் நல்லதாகவும் இயற்கைக் கல் கிடைக்கும்போது இதற்குப் போக வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

"கிரானைட்டுங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்வார்கள். சொல்லட்டும். அதே கல்லில் மேட் செய்த வெட்டுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அரை எலுமிச்சை, நீங்கள் சமைக்கும் எண்ணெய், வெள்ளைத் துணி, நெயில் பாலிஷ் ரிமூவர் போதும்.

1. தண்ணீர்: ஒரு சொட்டு விட்டு 15 நிமிடம் பொறுங்கள். துடைத்தபின் அந்த இடம் கருத்திருந்தால் கல் உறிஞ்சுகிறது, சீலர் தேவை. கருக்கவே இல்லை என்றால் சீலருக்குச் செலவழிக்க வேண்டாம்.
2. எலுமிச்சை: சில சொட்டு விட்டு 5 நிமிடத்தில் கழுவிக் காயவிடுங்கள். வெளுத்த வட்டம் விழுந்தால் அது சுண்ணாம்புக் கல்லாகவோ பளிங்காகவோ இருக்கும், எந்தப் பெயரில் விற்றாலும் சரி.
3. எண்ணெய்: ஒரு சொட்டை இரவு முழுக்க விட்டுக் காலையில் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். மிஞ்சும் நிழல்தான் உங்கள் மேடையில் வரப்போகும் நிழல்.
4. சாயம்: ரிமூவரில் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். துணியில் கருப்பு ஒட்டினால் சாயம் ஏற்றிய கல். அந்த லாட்டையே விட்டுவிடுங்கள். ரிமூவர் எளிதில் தீப்பிடிக்கும்; அடுப்புப் பக்கம் இந்தச் சோதனை வேண்டாம்.

நீங்கள் எடுக்கப்போகும் முழு ஸ்லாப்பில் இரண்டு சோதனைகள்:

5. விரிசல்: முகம் முழுக்கத் தண்ணீர் தெளித்து, காய்வதைப் பாருங்கள். மற்ற இடம் காய்ந்தபின்னும் ஈரக்கோடாக நிற்பது விரிசல். நாணயத்தால் தட்டிக் கேளுங்கள். கணீரென்ற ஒலி மாறி ஓரிடத்தில் மந்தமாக வந்தால் அங்கே சந்தேகப்படுங்கள்.
6. பின்பக்கம்: வலை ஒட்டியிருந்தால் அந்தக் கல்லுக்கு உடையும் குணம் உண்டு என்று பட்டறையே கருதியிருக்கிறது. ஹாப்புக்கும் (மேடையில் பதிக்கும் அடுப்பு) சிங்குக்கும் துளை போடுகிற மேடைக்கு அது வேண்டாம்.

மங்கிய முகத்தில் விரிசல் எளிதில் தெரியாது. பாலிஷ் கல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தே கண்டுபிடிப்போம். இங்கே தண்ணீர் தெளிக்காமல் வாங்கவே கூடாது.

அளவு, எடை, பில்

மேடைக்கு 18 முதல் 20 மி.மீ. தடிமன் எடுங்கள். லெதர் வேலையில் சற்றுக் கல் தேய்ந்துபோகும் என்பதால் தடிமனை மேட் செய்தபின் அளக்கச் சொல்லுங்கள். 18 மி.மீ. கிரானைட் ஒரு சதுர அடி சுமார் 4.5 கிலோ; கருப்புக் கல் 5 கிலோவை நெருங்கும். 10 அடி நீளம் 2 அடி அகலமுள்ள ஒரே துண்டு 90 முதல் 100 கிலோ வரும். மாடி வீட்டுப் படிக்கட்டில் அதைத் திருப்ப முடியுமா என்று பார்த்தபிறகே ஒரே துண்டு வேண்டும் என்று பிடிவாதம் பிடியுங்கள்.

கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் நேராக எடுத்தால் விலை குறையலாம். வண்டி வாடகை, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு, மேட் வேலைக்குத் தனிக் கூலியா என்ற மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். தேவையான ஸ்லாப்புகள் அனைத்தும் ஒரே பிளாக்கில் அறுத்ததாக இருக்கட்டும். பிளாக் மாறினால் மேட் நிறமும் மாறும்.

மேடை அமைக்கும் வரிசை

1. உயரம் முடிவு செய்யுங்கள். அதிகம் சமைக்கிறவர் நின்றபடி முழங்கையை மடக்கட்டும். அங்கிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை முகம் வரவேண்டும். டில்டிங் கிரைண்டர் வைக்கும் இடத்தைத் தனியே தாழ்த்திக் கட்டலாம்.
2. அடித்தளத்தை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஹாப் வரும் இடம் சமமாகவும், மற்ற இடம் சிங்க் நோக்கி மிக லேசான வாட்டத்தோடும் இருக்கட்டும். வாட்டம் இல்லாத மேட் மேடையில் தண்ணீர் தேங்கும்; தேங்கிய இடமெல்லாம் உப்புப் படலம்.
3. ஹாப்பையும் சிங்கையும் முதலில் வாங்கி வைத்துவிட்டு அவற்றின் அளவைக் கொடுங்கள். பட்டியலில் பார்த்த அளவை நம்பித் துளை போடாதீர்கள்.
4. துளையின் நான்கு மூலைகளையும் முதலில் வட்டமாகத் துளைத்து, பிறகு நேர்க்கோட்டில் வெட்டச் சொல்லுங்கள். கூரிய மூலையிலிருந்துதான் விரிசல் ஓடும்.
5. துளைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 3 அங்குலக் கல் மிஞ்சட்டும். அந்தப் பட்டைக்குக் கீழே தாங்கல் கட்டாயம்.
6. இணைப்பு வந்தால் சிங்குக்கோ ஹாப்புக்கோ நடுவில் வரக்கூடாது. கல் நிறத்துக்குக் கலந்த எபாக்சியால் அடையுங்கள்.
7. முன் விளிம்பின் அடிப்பக்கத்தில் மெல்லிய நீர்வடி பள்ளம் ஒன்றை நீளவாக்கில் அறுக்கச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் கீழ் அலமாரிக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.
8. வெளிர் நிறக் கல்லைச் சாதாரண சிமெண்ட் கலவையில் பதிக்க வேண்டாம். ஈரம் ஏறி முகத்தில் கருந்திட்டுகள் தெரியும். கல் ஒட்டும் வெள்ளை நிறப் பசை பயன்படுத்துங்கள்.

அதிகம் நடக்கும் தவறு மோல்டிங்கில்தான். விளிம்பை உருட்டிப் பளபளவென்று பாலிஷ் ஏற்றுவது கட்டிங் செய்பவரின் கைப்பழக்கம். நீங்கள் சொல்லாவிட்டால் மேலே மங்கலும் விளிம்பில் கண்ணாடியுமாக மேடை வந்து சேரும். "மோல்டிங்கும் மேட்டில்தான் நிறுத்தணும்" என்று முதல் நாளே சொல்லி, அரை அடி செய்து காட்டச் சொல்லுங்கள். லெதர் முகம் கொண்ட கல்லின் விளிம்பில் அதே சொரசொரப்பைக் கைமெஷினில் கொண்டுவருவது கஷ்டம். விளிம்பை ஹோன்டாக விடுவது பொருந்தும்.

இன்னொன்று: வேலை முடிந்ததும் சிமெண்ட் கறையை ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். மேட் கல்லின் மேல் அதை அனுமதிக்காதீர்கள். கடப்பா கல்லில் ஆசிட் பட்டால் முகமே போய்விடும். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே நனைத்த ஸ்பாஞ்சால் துடைத்தெடுக்கும் பொறுப்பை மேஸ்திரியிடம் முன்கூட்டியே ஒப்படையுங்கள்.

சிங்குக்காக வெட்டி எடுத்த துண்டைத் தூக்கிப் போட விடாதீர்கள். இனி எந்தத் திரவத்தைச் சோதிக்கவும் அதுதான் உங்கள் சோதனைத் தகடு.

வேலை நடக்கும்போது பாதுகாப்பு

கிரானைட்டை உலர்வாக அறுத்தால் பறக்கும் வெண்தூசில் சிலிக்கா இருக்கும். அது நுரையீரலில் தங்கினால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த முடியாது. உங்கள் வீட்டில் இரண்டு நாள் வேலை. அறுக்கிறவருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தொழில். தண்ணீர் விட்டே அறுக்கச் சொல்லுங்கள், வெட்டுவதை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள், கைக்குட்டைக்குப் பதிலாக என்95 மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். தண்ணீரும் கட்டிங் மெஷினும் சேரும் இடத்தில் மின்கசிவு ஆபத்து உண்டு. ஈ.எல்.சி.பி. பொருத்திய லைனிலிருந்து மட்டும் இணைப்புக் கொடுங்கள். ஒயரில் ஒட்டுப் போட்டிருந்தால் மாற்றும்வரை வேலையை நிறுத்துங்கள். தரையில் படிந்த தூசைக் காய்ந்தபடி பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் அந்த இரண்டு நாளும் வேறு வீட்டில் தங்கவைப்பது நல்லது.

சீலர் பூசுதல்

தண்ணீர்ச் சோதனையில் கருத்த கல்லுக்கு மட்டும் இது. கல்லுக்குள் இறங்கும் வகைச் சீலரைக் கேளுங்கள். மேலே படலமாக நிற்கும் வகை, மேட் முகத்தில் அரைகுறைப் பளபளப்பாகத் தெரியும், பிறகு உரியும். கலர் என்ஹான்சர் கலந்தது கல்லை ஈரம்பட்ட நிறத்துக்குக் கருக்க வைக்கும். அதைத் திரும்ப எடுக்க முடியாது என்று வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

மாசி, பங்குனியில் பூசினால் கல் நன்றாகக் காய்ந்திருக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியை அள்ளி வந்து ஈரச் சீலரில் ஒட்டவைக்கும். ஐப்பசி மழையில் கல்லே காயாது.

1. மேடையைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, 24 மணி நேரம் காயவிடுங்கள்.
2. கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். விளக்கேற்றுவதையும் ஊதுபத்தியையும் தள்ளிவையுங்கள். கரைப்பான் கலந்த சீலரின் ஆவி தீப்பிடிக்கும். ஜன்னல்களைத் திறந்து, கையுறை போடுங்கள்.
3. சோதனைத் துண்டில் முதலில் பூசிப் பாருங்கள்.
4. 3 அடி நீளப் பகுதியாகப் பிரித்து, பஞ்சுத் துணியால் மெல்லியதாகப் பரப்புங்கள்.
5. டப்பாவில் எழுதியுள்ள நேரம் காத்திருந்து, மிஞ்சியதை முழுவதும் துடைத்தெடுங்கள். உறிஞ்சப்படாத சீலர் காய்ந்தால் பிசுபிசுப்பான திட்டாகும். தண்ணீர்ச் சோதனையில் கருக்காத கல்லுக்குச் சீலர் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.
6. ஒரு நாள் தண்ணீர் படாமல் விடுங்கள். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியில் விரித்துக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள்.

மறுபடி எப்போது என்பதைக் காலண்டர் சொல்லாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடுப்பருகே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், கருத்தால் பூசுங்கள்.

தினமும் செய்ய வேண்டியது

பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு சில சொட்டு, மென்மையான ஸ்பாஞ்ச், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, கடைசியாக உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. இந்தக் கடைசித் துடைப்பைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். உப்புத் தண்ணீர் ஊரில் மேட் கல்லைக் காப்பது அதுதான். குழாயடியைச் சுற்றி ஒரு சாணும், போசி கவிழ்த்து வைக்கும் இடமும் ராத்திரி படுக்கும்போது ஈரமில்லாமல் இருந்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

குக்கரையும் கடாயையும் பிரிமணை மேல் இறக்குங்கள். கிரானைட் சூட்டைத் தாங்கும். ஆனால் ஹாப் துளைக்கருகே ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சூடு ஏறினால் கல் விரியலாம். மிக்ஸியின் ரப்பர்க் கால்கள் வெளிர் கல்லில் நிழல் விடும். அடியில் பலகை வையுங்கள். இரும்புத் தோசைக்கல்லை ஈரமேடையில் ராத்திரி முழுக்க விடாதீர்கள், காலையில் துரு வளையம் நிற்கும்.

கறை வந்தால்

பற்றுப் போடுவதுதான் வழி. தேய்க்கத் தேய்க்கக் கறை பரவும். பற்று அதை உள்ளிருந்து இழுக்கும்.

எண்ணெய்க் கறைக்கு:

1. ஆப்ப சோடாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டிக் குழம்புப் பதத்தில் குழையுங்கள்.
2. கறையை விட ஓர் அங்குலம் அகலமாக, கால் அங்குலக் கனத்தில் அப்புங்கள்.
3. பிளாஸ்டிக் தாளால் மூடி விளிம்பை டேப்பால் ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள்.
4. தாளை எடுத்து, பற்று தானாகக் காய்ந்தபின் மரக்கரண்டியால் வழித்தெடுங்கள். கழுவி உலர்த்துங்கள். நிழல் மிஞ்சினால் இன்னும் இரண்டு முறை போடுங்கள்.

மஞ்சள் கறைக்கு முதலில் எண்ணெயை எடுங்கள். மஞ்சளின் நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் எண்ணெயோடு சேர்ந்துதான் கல்லுக்குள் இறங்குகிறது. சோப்பு பட்டதும் கறை சிவப்பாக மாறினால் பயப்படாதீர்கள், காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் மாறும். பிறகு வெயில். ஜன்னல் வெயில் விழும் இடமென்றால் நான்கைந்து நாளில் கறை தானே வெளுக்கும். வெயில் வராத இடத்தில், வெளிர் நிறக் கல்லுக்கு மட்டும், மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஆப்ப சோடாவைக் குழைத்து மேற்சொன்னபடி பற்றுப் போடலாம். தாளை இறுக்கி ஒட்டாமல் தளர்வாக மூடுங்கள். அடர் நிறக் கல்லைப் பெராக்சைடு வெளுக்க வைக்கும். கையுறை கட்டாயம்.

பாத்திரம் இழுபட்ட சாம்பல் கோடுகள் மேட் கல்லில் நிறையத் தெரியும். அவை கீறல் அல்ல, கல்லில் ஒட்டிய உலோகம். ஆப்ப சோடாவை ஈரத்துணியில் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் போகும்.

உப்புப் படலம் கெட்டியாகிவிட்டால் ஈரத்துணியை அதன் மேல் அரை மணி நேரம் போட்டு ஊறவைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். லெதர் ஃபினிஷில் சுரண்டி பள்ளத்துக்குள் போகாது. பழைய டூத் பிரஷ் போகும். கிரானைட்டில் அதற்கும் மசியாவிட்டால் ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, சோதனைத் துண்டில் பார்த்தபின், ஒரு நிமிடம் தொட்டு உடனே அலசுங்கள். சீலர் பூசிய இடமானால் மறுபடி தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். கடப்பாவில் வினிகரை நினைக்கவே வேண்டாம்.

கடப்பா கல்லில் புளித் தழும்பு விழுந்தால்: 400 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டு, தழும்பிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் தேயுங்கள். 600-க்கு மாறுங்கள். அடிக்கடி துடைத்துக் காயவிட்டுப் பக்கத்து முகத்தோடு ஒப்பிட்டு, நிறம் சேர்ந்ததும் நிறுத்துங்கள். கிரானைட்டில் இது பலிக்காது.

செய்யவே கூடாதவை

- பிளீச்சிங்கையும் ஆசிட் வகைக் கழிப்பறைத் திரவத்தையும் ஒன்றாகப் பயன்படுத்துவது. குளோரின் வாயு வெளிவரும். மூடிய சமையலறையில் உயிருக்கே ஆபத்து.
- துரு நீக்கும் திரவங்கள். சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். கிரானைட்டையே அரிக்கும், தோலில் பட்டால் எலும்பு வரை இறங்கும்.
- கம்பி ஸ்க்ரப்பர். உதிரும் இரும்புத் துகள் வெளிர் கல்லில் துருப்புள்ளியாகும்.
- கடப்பா கருப்பாகத் தெரிய வேண்டுமென்று தேங்காய் எண்ணெய் தடவுவது. இரண்டு நாள் அழகாக இருக்கும். பிறகு சிக்கு வாடை, தூசு, எறும்பு.
- தரைக்குப் போடும் மெழுகு, பளபளப்பு ஸ்பிரே. கை படும் இடம் மின்னி, மற்ற இடம் மங்கி, மேடை திட்டுத்திட்டாகும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்

கிரானைட்டின் மேட் முகம் சிங்க் முன்னால் மட்டும் மின்ன ஆரம்பித்தாலோ, பழைய பாலிஷ் மேடையை இருந்த இடத்திலேயே மேட் ஆக்க நினைத்தாலோ வைரப் பேட் உள்ள மெஷின் வேண்டும். அது தண்ணீரும் சேறுமாக நடக்கும் வேலை. அலமாரிகளை மூடி, ஹாப்பைக் கழற்றி, ஒரு சதுர அடி செய்து காட்டச் சொல்லி, நிறம் காய்ந்தபின் பார்த்துச் சம்மதியுங்கள். ஹாப் துளை மூலையில் மயிரிழைக் கோடு கண்டால் அதன் இரு முனைகளையும் பென்சிலால் குறித்துத் தேதி எழுதுங்கள். ஒரு மாதத்தில் கோடு குறியைத் தாண்டினால் அடியில் தாங்கல் போதவில்லை. முதலில் தாங்கலைச் சரிசெய்ய வேண்டும், பிறகுதான் எபாக்சி. அதுவரை அந்தப் பக்கம் அம்மி, கிரைண்டர், நிறைந்த தண்ணீர்க் குடம் எதையும் வைக்காதீர்கள்.